வலிப்பு மருந்தைச் சோதிக்க எலிக்கே வலிப்பு வரவழைக்கிறார்களாமே, உண்மையா? எப்படி?

உண்மைதான். நானே செய்திருக்கிறேன். எம்.பார்ம். படித்தபோது, வல்லாரைச் சாறு வலிப்பைத் தடுக்குமா என்று பார்ப்பதுதான் என் ஆய்வேடு. தடுக்கிறதா என்று பார்க்க முதலில் வலிப்பு வேண்டுமே! அதற்கு எங்களுக்குக் கொடுத்த பொருள் பென்டிலீன்டெட்ராசோல். ஆய்வகத்தில் யாரும் முழுப் பெயர் சொல்வதில்லை, பி.டி.இசட். என்பார்கள்.

பார்த்தால் சாதாரண வெள்ளைப் பொடி, தண்ணீரில் சட்டென்று கரைந்துவிடும். மூளையின் நரம்பணுக்கள் அளவுமீறித் துள்ளாமல் அடக்கி வைப்பது காபா என்ற வேதிப்பொருள். காபா வந்து உட்காரும் ஏற்பியில், நரம்பணுவை அடக்கும் குளோரைடு நுழைகிற வாசல் ஒன்று உண்டு. அந்த வாசலை பி.டி.இசட். அடைத்துவிடுகிறது. ஆசிரியர் வெளியே போன வகுப்பறை எப்படி இருக்கும்? மூளை அப்படி ஆகிவிடுகிறது.

செய்முறை இதுதான். சுண்டெலிக்கு முதலில் சோதிக்க வேண்டிய மருந்தைக் கொடுப்போம். அது வேலை செய்யத் தொடங்கும் நேரம் பார்த்து, கழுத்தின் பின்புறத் தளர்ந்த தோலைத் தூக்கிப் பிடித்து, உடல் எடையில் கிலோவுக்கு 85 மில்லிகிராம் கணக்கில் பி.டி.இசட். ஊசி. பிறகு தனிக் கூண்டு, கையில் ஸ்டாப்வாட்ச், 30 நிமிடம் கண்ணை எடுக்கக் கூடாது. அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்த எலி திடீரென்று நின்றுவிடும், எங்கோ கேட்கும் சத்தத்துக்குக் காது கொடுப்பதுபோல. மீசை துடிக்கும். உடம்பு ஒரு வெட்டு வெட்டும். முன்னங்கால்கள் இரண்டும் படபடவென்று அடித்துக்கொள்ளும். அது 5 விநாடி நீடித்தால் வலிப்பு என்று எழுதுவோம். அரை மணி நேரம் வரை வராவிட்டால் மருந்து காத்தது என்று கணக்கு. எத்தனை எலி என்பது வரை விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கித்தான் செய்தோம். இருந்தாலும் முதல் நாள் எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

வல்லாரை கொடுத்த எலிகளில் இரண்டுக்கு வலிப்பே வரவில்லை. துள்ளிக் குதித்து வழிகாட்டிப் பேராசிரியரிடம் ஓடினேன். அவர் குறிப்பேட்டைப் பார்க்கவில்லை. எலியைக் கையில் எடுத்துக் கழுத்து முடியைத் தடவினார். ஈரமாக இருந்தது. ஊசி குத்திய துளை வழியாக மருந்து வெளியே வழிந்திருக்கிறது. காப்பாற்றியது வல்லாரையா, என் கைத்தவறா? அந்த இரண்டையும் கணக்கிலிருந்து அடித்தேன்.

இந்தப் பொருளை ஒரு காலத்தில் மனிதர்களுக்கும் ஏற்றினார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1934இல் புடாபெஸ்ட்டில் மெதுனா என்ற மருத்துவர், வலிப்பு வந்தால் மனச்சிதைவு விலகும் என்று நம்பி, முதலில் கற்பூர ஊசியும் பிறகு கார்டியசோல் என்ற பெயரில் விற்ற இதே பி.டி.இசட்.டும் போட்டார். ஊசிக்கும் வலிப்புக்கும் இடைப்பட்ட சில விநாடிகளில் சொல்லி மாளாத பீதி வருமாம். அடுத்த ஊசிக்கு நோயாளிகள் நடுங்கினார்கள். 1938இல் ரோமில் மின்சாரம் பாய்ச்சி வலிப்பு வரவழைக்கும் முறை வந்ததும் இது மெல்ல ஒதுங்கியது. நின்று காத்துக்கொண்டிருந்த அந்த எலிகளை நினைத்தால், அந்தச் சில விநாடிகள்தான் எனக்கு உறுத்துகின்றன.

மருந்து தேடுகிறவர்களிடம் இது நிலைத்ததற்குக் காரணம் உண்டு. பிள்ளைகள் சில விநாடி வெறித்தபடி உறைந்து நிற்கும் வகை வலிப்புக்கு உதவிய டிரைமெத்தடியோன் என்ற மருந்து, பி.டி.இசட். வலிப்பைத் தடுப்பதை 1944இல் எவரெட், ரிச்சர்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டினார்கள். விலங்குக்கு மின்சாரம் பாய்ச்சி வரவழைக்கும் வலிப்பை அடக்கும் ஃபெனிட்டாயின் என்ற மருந்து இதில் தோற்றது. ஆக, எந்த மருந்து எந்த வலிப்புக்கு என்று பிரிக்க ஒரு சல்லடை கிடைத்தது.

ஆனால் சல்லடையில் ஓட்டை இருக்கத்தான் செய்கிறது. என் அத்தை மகளுக்கு வலிப்பு உண்டு. முன்பெல்லாம் வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணித்த அத்தை, இப்போது லெவெட்டிராசெட்டம் மாத்திரையை வேளை தவறாமல் கொடுக்கிறார். ஒருநாள் அட்டையைக் காட்டி, "இது நீ எலிக்குக் கொடுத்துப் பார்த்ததுதானே?" என்று கேட்டார்.

"இல்லை அத்தை. நாங்கள் செய்கிற சோதனையில் இந்த மருந்து தேறவே தேறாது" என்றேன்.

"பிறகு இவளுக்கு மட்டும் எப்படிக் கேட்கிறது?"

நியாயமான கேள்வி. ஒரே ஊசியில் வரவழைக்கும் வலிப்பிலும் சரி, மின்சார வலிப்பிலும் சரி, லெவெட்டிராசெட்டம் பெயில். நாள்கணக்கில் சிறுகச் சிறுகத் தூண்டி மூளையையே வலிப்புக்குப் பழக்கிய விலங்குகளில்தான் அதன் திறமை தெரிந்தது. நல்ல எலிக்கு ஊசி போட்டு வரும் வலிப்பும், தானாகத் திரும்பத் திரும்ப வரும் வலிப்பு நோயும் ஒன்றல்ல.

அதனால்தான் "இந்த மூலிகை வலிப்பைக் குணமாக்கும், எலியில் நிரூபணம்" என்று யாராவது பகிர்ந்தால் எனக்குக் கை பரபரக்கிறது. அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு இரட்டிப்பாகத் திரும்பலாம். என் ஆய்வேட்டின் தலைப்பையும் முதலில் 'வல்லாரையின் வலிப்பு நீக்கும் ஆற்றல்' என்றுதான் வைத்திருந்தேன். பேராசிரியர் சிவப்புப் பேனாவை எடுத்து, 'பென்டிலீன்டெட்ராசோல் செலுத்திய சுண்டெலிகளில்' என்று முன்னால் சேர்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.