தீப்பெட்டிக்கு ஏன் ‘சேஃப்டி’?

கேள்வி: எங்கள் ஊரில் தயாராகும் தீப்பெட்டிகளின் மேல் ‘சேஃப்டி மேட்சஸ்’ என்று அச்சிடுகிறார்களே, நெருப்புக்குப் பாதுகாப்பு என்று பெயரா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: ‘முழுமையான, நலமான’ என்று பொருள்படும் ‘சால்வஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது ‘சேஃப்’. அதன் பண்புப்பெயரான ‘சேஃப்டி’, வேறொரு சொல்லின் முன் நிற்கும்போது ஆபத்தே இல்லை என்று சொல்வதில்லை, ஆபத்தை அடக்கி வைக்கும் அமைப்பையே சுட்டுகிறது. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும், பெட்டியின் பக்கப்பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸும் தனித்தனியே இருப்பதால், அந்தப் பட்டையில் உரசினாலொழியக் குச்சி எளிதில் பற்றாது. 1849இல் வால்டர் ஹன்ட் காப்புரிமை பெற்ற ‘சேஃப்டி பின்’னிலும் கூர்முனை உண்டு, அதை மூடும் தலைப்பகுதியும் உண்டு (நம் ‘ஊக்கு’ இதைவிட அழகான சொல்). தனிப் பெயர்ச்சொல்லாக வரும் ‘சேஃப்’ இரும்புப் பெட்டகத்தைக் குறிக்கும். வேலூர்ப் பக்கம் அதை ‘லாக்கர்’ என்றே சொல்லிவிடுகிறோம்.