மொச்சையில் வண்டு, செல்பாஸ் மாத்திரை போடலாமா?

கேள்வி: கொடைக்கானல் மலையில் பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டம், வேலியோரம் மொச்சை. தை மாதம் பறித்தது ரெண்டு சாக்கு, பரண்மேல் வைத்திருக்கிறோம். இப்போது எல்லாம் ஓட்டையாக இருக்கிறது. வெயிலில் போட்டுப் புடைத்தாலும் சில நாளில் திரும்ப வண்டு வந்துவிடுகிறது. செல்பாஸ் மாத்திரை போடலாமா?

பதில்: போடவே போடாதீர்கள் அண்ணா. ஈரக்காற்று பட்டதும் அதிலிருந்து கிளம்பும் பாஸ்பீன் என்ற விஷ வாயுவுக்கு முறிமருந்தே கிடையாது, பரணுக்குக் கீழே நீங்கள் எல்லோரும் படுத்துத் தூங்குகிறீர்கள்.

ஒரு பருப்பை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தோல்மேல் குண்டூசி முனை அளவில் வெள்ளையாக ஒட்டியிருப்பது முட்டை. அதிலிருந்து வரும் புழு நேராகப் பருப்புக்குள் துளைத்துப் போய், தின்று, கூட்டுப்புழுவாகி, வண்டானதும் வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வருகிறது. நீங்கள் புடைத்துத் தள்ளுவது தின்று முடித்த வண்டை மட்டும்தான், உள்ளே இருக்கும் புழு முறத்துக்கு அகப்படாது. இது காட்டிலேயே தொடங்குகிற வேலை, காய் கொடியில் காயும்போதே முட்டை வைத்துவிடும்.

நம் மலையில் இன்னொரு சங்கடம், மொச்சை வரும் நேரத்தில் களம் முழுக்கக் காபி காயும், மொச்சைக்குக் கிடைப்பது மிச்ச வெயில்தான். அதனால் பாதி ஈரத்தோடு சாக்கில் ஏறிவிடுகிறது. மஞ்சு மூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, கறுப்புத் தார்ப்பாயில் மொச்சையை மெல்லிசாகப் பரப்பி, மேலே கண்ணாடிபோல் தெரியும் பாலிதீன் தாளை மூடி, ஓரமெல்லாம் கல் வையுங்கள். தொட்டால் சுடும் அளவுக்கு உள்ளே சூடு ஏறி, உச்சிவெயிலில் சில மணி நேரம் அப்படியே நின்றால் புழுவும் முட்டையும் சாகும். விதைக்கு வைப்பதை மட்டும் இப்படி மூடாதீர்கள், முளைப்பு கெடலாம்.

அப்புறம் ஆறவிட்டு, கடித்தால் டக்கென்று உடைகிற பதத்தில் கிலோவுக்கு 5 மில்லி கடலை எண்ணெய் விட்டுப் பிசறி, மூடி இறுகும் பிளாஸ்டிக் டிரம்மில் விளிம்புவரை நிரப்புங்கள். காற்று இல்லாமல் மிச்சமும் அடங்கும். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும், அதில் அவசரம் வேண்டாம். விதை மொச்சைக்கு அதே அளவு வேப்பெண்ணெய், அல்லது நம் பாட்டிகள் செய்ததுபோல் செம்மண்ணைக் குழைத்துப் பூசிக் காயவைத்தாலும் சரி.

பழைய சாக்குகளைக் கொதிநீரில் முக்கிக் காயவையுங்கள், தையல் மடிப்பில் வண்டு தங்கியிருக்கும். அடுத்த தையில் காய் கொடியிலேயே நெற்றாகிக் கிடக்க விடாமல், பழுக்கப் பழுக்கப் பறித்துவிடுங்கள்.