கொடிக் கேள்விகள்: ஆண்டைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாடசாலைகளில் இருந்துதான். பெப்ரவரி வந்தால் சுதந்திர தினமும் இல்ல விளையாட்டுப் போட்டியும் சேர்ந்து வரும், கொடிச் சந்தேகமும் கூடவே வரும். நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

பச்சை முதலா, செம்மஞ்சள் முதலா? எங்கள் பாடசாலையில் இரண்டு விதமான கொடியும் இருக்கிறது.
– ஆசிரியை, மாங்குளம்

கம்பத்தை ஒட்டிப் பச்சை, அடுத்தது செம்மஞ்சள், அதற்குப் பிறகுதான் சிங்கம். மாறித் தைத்த கொடியின் மறுமுனையைக் கம்பத்தில் கட்டிச் சமாளிக்க நினைக்காதீர்கள் ரீச்சர். சிங்கம் கம்பத்தைப் பார்க்க வேண்டும். அப்படிக் கட்டினால் றோட்டைப் பார்க்கும். பிழையான கொடியை மடித்து உள்ளே வைத்துவிடுங்கள்.

இலங்கைத் தேசியக் கொடியை வடிவமைத்தவர் யார்? ஒரு பெயர் மட்டும் போதும்.
– தரம் 10 மாணவன், விசுவமடு

ஒரு பெயர் போதாது தம்பி. எந்த ஆண்டுக் கொடி என்று சொல்லியிருக்க வேண்டும். இதை எத்தனை தடவை எழுதுவது?

1815இல் கண்டி வீழ்ந்தபோது அரச கொடியைப் பிரித்தானியர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். நூறு ஆண்டுகள் கழித்து ஈ. டபிள்யூ. பெரேரா அதை லண்டனில் செல்சி இராணுவ மருத்துவமனையில் தேடிப் பிடித்தார். 1916இல் பழைய கொடிகள் பற்றி ஒரு நூலும் எழுதினார். 1948 ஜனவரியில், கண்டியின் கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனின் சிங்கக் கொடியே நாட்டின் கொடியாக வேண்டும் என்று பாராளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் முதலியார் சின்னலெப்பை. அந்த பெப்ரவரி 4ஆம் திகதி ஏறியது வெறும் சிங்கக் கொடி, பட்டைகள் கிடையாது. பட்டைகளோடு கூடிய கொடியைப் பாராளுமன்றம் ஏற்றது 1951 மார்ச்சில். நான்கு மூலைகளிலும் இப்போது இருக்கும் அரசிலைகள் 1972 குடியரசு யாப்போடு வந்தவை. அதற்கு முன் மூலைகளில் வேறு அலங்காரம். இதில் எந்த இடத்தில் ஒரு பெயரைப் போடப் போகிறீர்கள்?

இன்னொன்று. அந்தக் கடைசி அரசன் நாயக்கர் வம்சம், இயற்பெயர் கண்ணுசாமி, காலமானது 1832இல் வேலூரில். பரீட்சைக்கு வராது, தெரிந்திருப்பது நல்லது.

சிங்கத்தின் வாலில் எட்டு மயிர், அது எண்வகை மார்க்கம், மூக்கு அறிவு, தாடி வாய்மை, முன்கால் செல்வத்தைக் கையாளும் தூய்மை என்று ஒரு பட்டியல் வட்ஸ்அப்பில் வந்தது. கண்காட்சிக்கு எழுதி ஒட்டலாமா?
– ஆசிரியர், கிளிநொச்சி

வந்துவிட்டதா இந்த ஆண்டும்!

சேர், ஒட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். 1978 அரசியலமைப்பின் 6ஆம் உறுப்புரையை எடுத்து வாசியுங்கள். தேசியக் கொடி இரண்டாம் அட்டவணையில் காட்டப்பட்டுள்ள சிங்கக் கொடி என்கிறது, அவ்வளவுதான். அட்டவணையில் இருப்பது படம். மூக்குக்கும் தாடிக்கும் விளக்கம் எழுதி யாரும் கையெழுத்துப் போடவில்லை.

நான் எல்லா அர்த்தத்தையும் தள்ளச் சொல்லவில்லை. வகை பிரிக்கச் சொல்கிறேன். பச்சை முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் தமிழர்களுக்கு என்பது கொடியை அமைக்கும்போதே பேசி வைத்தது. அந்தப் பட்டைகள் சேர்க்கப்பட்டதே அதற்காகத்தான். நான்கு அரசிலைகளுக்கு மெத்தா, கருணா, முதிதா, உபேக்கா (அன்பு, இரக்கம், பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல், நடுநிலை) என்ற பௌத்தப் பொருளும் அப்படியே, இலைகளோடு சேர்ந்தே வந்தது. ஆனால் வாலும் தாடியும் வேறு கதை. கண்டி அரசனுக்குச் சிங்கம் எழுதிய ஓவியன் சிங்கத்துக்கு வால் வேண்டும் என்றுதான் வால் வைத்தான். பிறகு வந்தவர்கள் அதன் மயிரை எண்ணி, எட்டு என்றால் எதுவெல்லாம் எட்டு என்று தேடியிருக்கிறார்கள். எண்ணிக்கை ஏழாக இருந்திருந்தால் ஏழுக்கும் ஒன்று கிடைத்திருக்கும். கடைகளில் விற்கும் கொடிகள் நாலைந்தை மேசையில் விரித்து வைத்து உங்கள் மாணவர்களை எண்ணச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று ஒத்துவந்தால் எனக்கு எழுதுங்கள்.

இந்தப் பட்டியலை நான் எதிர்ப்பது பிடிவாதத்தால் அல்ல. முன்பு ஒரு பாடசாலைக் கண்காட்சிக்கு நடுவராகப் போனேன். கொடியைப் பற்றிப் பிள்ளைக்குப் பதின்மூன்று அர்த்தம் தலைகீழ்ப் பாடம். 1948இல் இந்தக் கொடியில் என்ன இருக்கவில்லை என்று கேட்டேன், வாயே திறக்கவில்லை. அர்த்தப் பட்டியல் வரலாற்றை விழுங்கிவிடும் என்பது இதுதான். எந்த விளக்கத்தைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: யார் சொன்னது, எந்த ஆண்டில் சொன்னது? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் சுவரில் ஒட்டாதீர்கள்.

கொடிக் குழுவில் தமிழர் இருந்தார்களா?
– ஓய்வுபெற்ற கிராம அலுவலர், வவுனியா

இருவர். தேசியக் கொடியின் வடிவம் பற்றி ஆலோசனை சொல்ல 1948 மார்ச்சில் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க அமைத்த ஏழு பேர் குழுவில் ஜி. ஜி. பொன்னம்பலமும் செனட்டர் எஸ். நடேசனும் இருந்தார்கள். தலைவர் பண்டாரநாயக்க, ரி. பி. ஜாயா, ஜே. ஆர். ஜெயவர்தன, கொத்தலாவல, எல். ஏ. ராஜபக்ச மற்றவர்கள். நடேசன் உடன்படவில்லை. இந்த வடிவமைப்பு ஒற்றுமையின் சின்னமாக இராது என்பது அவர் வாதம். கொடியைக் கையில் எடுத்துப் பாருங்கள்: மஞ்சள் கரை சிங்கத்தைத் தனியாகச் சுற்றுகிறது, இரண்டு பட்டைகளையும் தனியாகச் சுற்றுகிறது. எழுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்த விவாதம் ஏன் ஓயவில்லை என்று விளங்கும்.

பண்டார வன்னியன் நாடகம் போடுகிறோம். அவருடைய கொடி என்ன நிறம்? எதிரிகளுக்கு ஒல்லாந்தர் கொடி பிடிக்கலாமா?
– சனசமூக நிலையம், ஒட்டுசுட்டான்

இரண்டாவதற்கு முதலில் பதில். ஒல்லாந்தர் கொடி கூடவே கூடாது. அவர்கள் 1796இலேயே இலங்கையில் இருந்து போய்விட்டார்கள். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையில் பண்டார வன்னியன் அடித்து விரட்டியது ஆங்கிலேயரை. கற்சிலைமடுவில் வந்து மோதிய வொன் டிறிபேக் பெயரைக் கேட்டு ஒல்லாந்தர் என்று நினைத்திருப்பீர்கள். அவர் ஆங்கிலேயப் படையின் கப்டன். ஆகவே யூனியன் ஜாக் பிடியுங்கள். அயர்லாந்தின் சிவப்புக் குறுக்குக் கோடு சேர்ந்த இன்றைய வடிவம் 1801இல் வந்துவிட்டது, இப்போதைய படத்தைப் பார்த்தே தைக்கலாம்.

முதல் கேள்விக்கு: நிறத்தைக் கற்பனை செய்யாதீர்கள். நீங்கள் மேடையில் பிடிப்பதை ஒரு பையன் படம் எடுத்துப் போடுவான், அடுத்த ஆண்டு அதுவே "வன்னியன் கொடி" ஆகிவிடும். வாளும் குதிரையும் போதும். மேடையில் குதிரை கஷ்டம்தான், சரி, வாள் போதும்.

யாழ்ப்பாண அரசின் கொடி நந்தியா, புலியா?
– வாசகர், முள்ளியவளை

நந்தி. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் நாணயங்களில் படுத்த நந்தியும் "சேது" என்ற எழுத்தும் இருக்கும். புலி சோழருடையது, அவர்களின் செப்பேட்டு முத்திரையில் புலியோடு பாண்டியரின் மீனும் சேரரின் வில்லும் உண்டு. அதற்காக நந்தியைத் தூக்கி வன்னிமைகளின் தலையில் வைத்துவிடாதீர்கள். பனங்காமமும் கரிக்கட்டுமூலையும் மேல்பற்றும் உங்கள் முள்ளியவளையும் பல காலம் தங்கள் வன்னியர்களின் சொல்லில் இருந்த நிலங்கள். கோயிலில் ஏறுகிற நந்திக்கொடி சிவனுடையது. அதை அரசகொடிக் கணக்கில் சேர்க்க வேண்டாம். புலிக்கொடி பற்றி வேறு விதமாகக் கேட்டிருந்த இருவருக்கு: அது சட்டத்தரணியிடம் கேட்க வேண்டிய கேள்வி.

தேசியக் கொடி தைக்க ஓடர் வந்திருக்கிறது. அளவு சொல்லுங்கள்.
– தையல்காரர், புதுக்குடியிருப்பு

உயரத்தைப் போல இரண்டு மடங்கு நீளம். 3 அடி என்றால் 6 அடி. இந்தியக் கொடியின் அளவை எடுத்துத் தைக்காதீர்கள் அண்ணை, அது இரண்டுக்கு மூன்று. பச்சைக்கும் செம்மஞ்சளுக்கும் இடையில் மஞ்சள் நாடா வைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது, தேவையில்லை; இரண்டும் ஒட்டியே இருக்கும். சிங்கத்தின் பின்னணி கருஞ்சிவப்பு, தக்காளிச் சிவப்பு அல்ல. இரண்டு பக்கமும் சிங்கம் வெட்டித் தைப்பதானால் இரண்டு சிங்கமும் கம்பத்தையே பார்க்க வேண்டும். வாள் வலது முன்காலில்.

அரைக்கம்பத்தில் எப்படி ஏற்றுவது?
– மாணவத் தலைவி, துணுக்காய்

முதலில் உச்சிவரை ஏற்ற வேண்டும், பிறகு இறக்கி நிறுத்த வேண்டும். மாலையில் இறக்கும்போதும் உச்சிக்குக் கொண்டுபோய்த்தான் இறக்குவது. பாதிக் கம்பத்தோடு கயிற்றைக் கட்டிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். நீங்களாவது செய்யாதீர்கள் தங்கச்சி.

வெசாக்குக்குக் கட்டும் பௌத்த கொடி எவ்வளவு பழையது? அனுராதபுர காலமா?
– வாசகர், செட்டிகுளம்

1885. கொழும்பில் ஒரு குழு உருவாக்கியது. இங்கு பௌத்தத்துக்காக உழைத்த அமெரிக்கரான கேணல் ஒல்கொட் அதில் திருத்தம் சொன்னவர்.

பங்களாதேஷ் கொடியில் சிவப்பு வட்டம் நடுவில் இல்லை. அச்சுப்பிழையா? உள்ளே வரைபடம் இருந்தது என்கிறார் மாமா.
– தரம் 8 மாணவி, பரந்தன்

பிழை இல்லை. கொடி பறக்கும்போது வட்டம் நடுவில் தெரியட்டும் என்று கம்பப் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். மாமா சொல்வது 1971 கொடி. வரைபடத்தை 1972 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். அடுத்த முறை மாமாவையும் ஆண்டைச் சொல்லச் சொல்லுங்கள்.