ராட்டினத்துக்குத் துட்டு கொடுக்குமுன்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அண்ணாச்சி, முழுப் பரீட்சை லீவுக்குத் தீம் பார்க் போயே ஆகணும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். நாங்கள் ஆறு பேர். மாமியாருக்கு 67 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். மகள் பத்தாவது எழுதியிருக்கிறாள். மகனுக்கு எட்டு வயது. கூட என் தம்பியும் வருகிறான். கொச்சி வொண்டர்லாவா, மதுரை அதிசயமா, இல்லை ஆனி மாதம் பொருட்காட்சி வரட்டும் என்று சொல்லிவிடலாமா? எதில் ரைடு நன்றாக இருக்கும்?
(வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: தங்கச்சி, முதலில் ஒரு இஞ்ச் டேப்பை எடுத்து மகனைச் செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி அளந்து பாருங்கள். பெரிய ரைடுகளுக்குப் பல பூங்காக்களில் 140 சென்டிமீட்டர்தான் கோடு. எட்டு வயதுப் பையன் அதைத் தொடுவது அபூர்வம். வாசலில் நிற்கிற ஆள் கம்பைக் காட்டி "அடுத்த வருஷம் வா தம்பி" என்று சொல்லும்போது பையனின் முகம் போகிற போக்கைப் பார்த்தால், கொடுத்த துட்டு முழுவதும் வீண் என்று தோன்றும். அந்தக் கோட்டில் தயவு தாட்சண்யம் பார்க்கவும் கூடாது. தோளையும் இடுப்பையும் பிடிக்கிற கம்பி, அந்த அளவு உடம்புக்குத்தான் செய்யப்பட்டிருக்கிறது.

அடுத்தது மாமியார். ரத்த அழுத்தம், இதய நோய், முதுகுத்தண்டுக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏறக் கூடாது என்று வேகமான ரைடு ஒவ்வொன்றின் முன்னாலும் போர்டு இருக்கும். ஆக, பெரிய ரைடில் ஏறப் போவது மகளும் உங்கள் தம்பியும்தான். உங்கள் வீட்டுக்காரர் முதல் ரைடோடு "நீங்க போங்க, நான் பையைப் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிடுவார் என்பது என் ஊகம். விளம்பரத்தில் ஐம்பது ரைடு என்று போட்டிருக்கட்டும். உங்கள் வீட்டு ஆட்கள் ஏறப் போவது எத்தனை என்று ஒரு தாளில் ஆள்வாரியாக எழுதி, மொத்த டிக்கெட் பணத்தை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்துப் பாருங்கள். ஒரு ஏற்றத்துக்கு என்ன விலை என்று தெரிந்துவிடும். நுழைவுக் கட்டணத்துக்கு உள்ள ஜி.எஸ்.டி.யை 2018 ஜனவரியில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்தார்கள். இணையத்தில் காட்டுகிற விலை அந்த வரியோடு சேர்ந்ததா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் இந்த வருஷத்துக்கு மதுரைதான் தேறும். பரவையில் இருக்கிற அதிசயம் பெரும்பாலும் தண்ணீர் விளையாட்டு. வேவ் பூலுக்குப் பயப்படுகிறவர்கள் குறைவு, மாமியாரும் கரையோரம் உட்கார்ந்து கால் நனைக்கலாம். காலையில் கிளம்பி ராத்திரி வீடு திரும்பிவிடலாம். கொச்சியில் தரை ரைடு, தண்ணீர் ரைடு இரண்டுமே கனமாக உண்டு. அது மகள் மாதிரி ஆட்களுக்கு. பாலருவி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் தென்காசி, செங்கோட்டை வழியாகக் காலையில் எர்ணாகுளம் டவுன். பையன் 140-ஐத் தாண்டுகிற வருஷம் குடும்பத்தோடு அங்கே போங்கள். சென்னை திருப்போரூர் பக்கம் புதிதாக ஒன்று வந்திருக்கிறது, ஆனால் அவ்வளவு தூரம் போய் வருகிற செலவு டிக்கெட்டை விழுங்கிவிடும்.

பொருட்காட்சியை இளப்பமாக நினைக்க வேண்டாம். அங்கே ஏறுகிற ரைடுக்கு மட்டும்தான் துட்டு. மாமியார் வாசல் டிக்கெட்டோடு உள்ளே வந்து டெல்லி அப்பளம் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கலாம். பெரிய டிக்கெட் எடுக்குமுன் யாருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று சோதித்துப் பார்க்கவும் அதுதான் மலிவான இடம். கொலம்பஸ் என்கிற கப்பல் ஊஞ்சலில் ஏறி இறங்கிய மகள் "இன்னொரு தடவை" என்று கேட்டால் கொச்சிக்குத் தயார் என்று பொருள்.

கேள்வி: கொலம்பஸிலும் ரோலர் கோஸ்டரிலும் எந்த சீட் பெஸ்ட்? நான் கடைசி என்கிறேன், ரூம்மேட் முன்னால்தான் என்கிறான். பந்தயம் ஒரு பிளேட் பரோட்டா, சால்னா தனி.
(கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம்)

பதில்: கொலம்பஸில் இரண்டு நுனியும் ஒன்றுதான். நடு வரிசைக்காரர் கொஞ்சம்தான் ஏறுவார். நுனியில் இருப்பவர் உச்சிவரை போவார், அங்கே கப்பல் திரும்புகிற கணத்தில் சீட்டுக்கும் உடம்புக்கும் உள்ள பிடி தளரும். வயிற்றில் 'ஜிவ்' என்று ஒன்று கிளம்புகிறதே, அது அந்த இடம். பயந்தவர்களை நடுவில் உட்கார வையுங்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டு ரைடு கிடைத்த மாதிரி.

ரோலர் கோஸ்டரில் விஷயம் வேறு. உச்சியைத் தாண்டும்போது முன்பெட்டி மெதுவாகத்தான் கவிழும், ஏனென்றால் ரயிலின் பெரும்பகுதி இன்னும் பின்னால் ஏறிக்கொண்டிருக்கிறது. கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும்போது முன்னால் உள்ளதெல்லாம் இறங்கத் தொடங்கியிருக்கும், இவரைச் சுண்டி இழுத்துக்கொண்டு போகும். முன்சீட்டில் காட்சி, பின்சீட்டில் இழுப்பு. மேடு பள்ளம் உள்ள கோஸ்டருக்குத்தான் இது. பெங்களூரு வொண்டர்லாவின் ரீகாயில் மாதிரி போன வழியே பின்னோக்கித் திரும்பி வருகிற ரகத்தில், வரும்போது கடைசிப் பெட்டிதான் முன்பெட்டி.

பின்சீட்டுக்கு ஒரு விசித்திரமான சாட்சியும் உண்டு. டேவிட் வார்டிங்கர் என்கிற அமெரிக்க மருத்துவர், சிலிக்கானில் செய்த சிறுநீரகத்துக்குள் நிஜக் கல்லை வைத்து, அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஃபுளோரிடா டிஸ்னியின் பிக் தண்டர் மவுன்டன் கோஸ்டரில் திரும்பத் திரும்ப ஏறினார். பின்சீட்டில் சுமார் 64 சதவீதத் தடவை கல் நகர்ந்து வெளியேறியது, முன்சீட்டில் சுமார் 17 சதவீதம்தான். 2016-ல் வெளியான இந்த ஆய்வுக்கு, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்குத் தருகிற இக் நோபல் பரிசு 2018-ல் கிடைத்தது. கல்லடைப்புக்கு டாக்டரிடம் போகாமல் ராட்டினத்துக்குப் போய்விடாதீர்கள்.

பரோட்டா உங்களுக்குத்தான்.

கேள்வி: என் வீட்டுக்காரி பிரேக் டான்ஸ், கொலம்பஸ் எல்லாம் சிரித்துக்கொண்டே ஏறி இறங்குவாள். ஆனால் நாற்காலி ஆடுகிற அந்த 3டி தியேட்டரில் பாதியிலேயே குமட்டி எழுந்து வந்துவிட்டாள். அவ்வளவாக ஆடாத ரைடுக்குப் போய் இப்படியா?
(வாசகர், மேலப்பாளையம்)

பதில்: அவ்வளவாக ஆடாததுதான் வம்பு. உடம்பு அசைகிறதா இல்லையா என்பதைக் காதுக்குள் உள்ள திரவம் மூளைக்குச் சொல்கிறது. கண் தனியாக ஒன்று சொல்கிறது. கொலம்பஸில் இரண்டும் ஒரே செய்தியைச் சொல்லும். திரையில் நீங்கள் பள்ளத்தாக்கில் பறந்துகொண்டிருக்க, நாற்காலியோ ஒரு சாண்தான் அசைகிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. மாஞ்சோலை மலைப்பாதையில் பஸ்ஸுக்குள் போனைப் பார்த்துக்கொண்டு வருகிறவர் வாந்தி எடுப்பதும், ஸ்டியரிங் பிடிக்கிற டிரைவர் எடுக்காததும் இதனால்தான். அடுத்த முறை குமட்டத் தொடங்கியதும் திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, அசையாத சுவரையோ தரையையோ பார்க்கச் சொல்லுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் உட்கார வேண்டாம். தனி டிக்கெட் என்றால் அந்தத் தியேட்டரை உங்கள் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம்.

கேள்வி: ஒரே ரைடுக்கு ஒருத்தர் "மரண மாஸ்" என்று ஐந்து நட்சத்திரம் போடுகிறார், இன்னொருத்தர் "துட்டு தண்டம்" என்று ஒன்று போடுகிறார். யாரை நம்புவது?
(வாசகி, தென்காசி)

பதில்: இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். யார், எந்தக் கிழமை, எவ்வளவு நேரம் வரிசையில் நின்றார் என்பதைத்தான் எழுதுவதில்லை. ஒரு அனுபவத்தை மனசு சராசரி போட்டு வைப்பதில்லை, அதன் உச்சக் கணத்தையும் முடிவையும்தான் பிடித்து வைக்கிறது என்று உளவியல் அறிஞர் டேனியல் கானெமன் 1990களில் செய்த ஆய்வுகள் காட்டின. இரண்டு நிமிஷம்கூட ஓடாத ரைடு, உச்சியில் ஒரு அலறல், இறங்கியதும் நண்பர்களோடு சிரிப்பு. ஐந்து நட்சத்திரம் விழுந்துவிடும். அதே ரைடில் இறங்கியதும் தலை சுற்றி, தொலைந்த செருப்பைத் தேடியவர் ஒன்றுதான் போடுவார்.

வேகத்தைப் பார்த்தும் முடிவு செய்யாதீர்கள். 1884-ல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் லாமார்கஸ் தாம்சன் ஓட்டிய முதல் கோஸ்டர் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில்தான் போனது. நம் ஊர் சைக்கிள் அதைத் தாண்டிவிடும். அதற்கும் சனம் முண்டியடித்தது.

விமரிசனத்தில் நட்சத்திரத்தை விட்டுவிட்டு மூன்று விஷயம் தேடுங்கள்: எழுதியவரின் வயது அல்லது கூட வந்த பிள்ளைகளின் வயது, போன நாள், வரிசையில் நின்ற நேரம். இவை இல்லாத விமரிசனம் உங்களுக்கு உதவாது. அங்கே போன பிறகு இதைவிட நல்ல வழி, ரைடின் வெளிவாசலில் இரண்டு சுற்று நின்று பார்ப்பது. நேரே வரிசைக்கு ஓடுகிறவர்கள் எத்தனை பேர், கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நிற்கிறவர்கள் எத்தனை பேர்? ஏறும்போது போடுகிற சத்தத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது பாதி பக்கத்தில் உள்ளவருக்காகப் போடுவது. உங்கள் பிள்ளை வயதுப் பிள்ளை எந்த முகத்தோடு இறங்குகிறது என்பதைப் பாருங்கள்.

வரிசையையும் கணக்குப் போட்டுவிடலாம். ஒரு சுற்றுக்கு 24 பேர், ஏற்றி இறக்க மூன்று நிமிஷம் என்றால் மணிக்கு 480 பேர். முன்னால் 240 தலை தெரிந்தால் அரைமணி நேரம். கொச்சிக்கு முழுப் பரீட்சை லீவு ஞாயிற்றுக்கிழமை போகிறவர் ஐந்து ரைடோடு திரும்புவார், பள்ளி திறந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை போகிறவர் பதினைந்து ஏறுவார்.

கேள்வி: ஊர்க் கொடைக்கும் பொருட்காட்சிக்கும் வருகிற ராட்டினங்களை நம்பி ஏறலாமா? கழற்றி மாட்டுகிற சாமான்தானே?
(வாசகர், சங்கரன்கோவில்)

பதில்: கழற்றி மாட்டுவது குற்றமில்லை, மாட்டியதை யார் பார்த்தார்கள் என்பதுதான் விஷயம். ராட்டினங்களுக்கென்று ஐ.எஸ். 15475 என்று இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது. ஆனால் டிக்கெட் கவுண்டரில் அதைக் கேட்டால் உங்களை ஒருமாதிரிப் பார்ப்பார்கள். அதனால் உங்கள் கண்ணால் பார்க்கக் கூடியதைச் சொல்கிறேன்.

அடித்தளத்தைப் பாருங்கள். மரக்கட்டை முட்டுக் கொடுத்திருப்பார்கள், அது சாதாரணம்தான். ஆனால் மழை பெய்த ஈர மண்ணில் கட்டை அமுங்கியிருந்தாலோ, சக்கரம் சுற்றும்போது கால்கள் நடுங்கினாலோ ஏற வேண்டாம். போல்ட், பின் இருக்க வேண்டிய இடத்தில் கம்பியோ கயிறோ கட்டியிருந்தால் அப்படியே திரும்பிவிடுங்கள். இயக்குகிற ஆள் ஒவ்வொரு கம்பியையும் கையால் இழுத்துப் பார்த்துப் பூட்டுகிறாரா, போனில் பேசிக்கொண்டே சுவிட்சைத் தட்டுகிறாரா? ஜெயன்ட் வீலில் நல்ல ஆபரேட்டர் ஒரே பக்கமாக ஆட்களை அடைக்க மாட்டார், எதிரெதிர்த் தொட்டிகளில் பாரத்தைச் சமன் செய்து ஏற்றுவார். கொலம்பஸில் இளவட்டங்கள் எழுந்து நின்று ஆட, அவர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் அந்த ரைடு எவ்வளவு புதிதாக இருந்தாலும் வேண்டாம். பெண்பிள்ளைகள் துப்பட்டாவை முடிந்துகொள்ள வேண்டும், கூந்தலைக் கட்டிக்கொள்ள வேண்டும். சுற்றுகிற தண்டுக்கு அருகில் உட்காருகிற ராட்டினங்களில் இது ரொம்ப முக்கியம்.

கொடைக்கு வருகிற, கையால் தள்ளுகிற குடை ராட்டினத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல ரைடு நான் பார்க்கவில்லை. பிள்ளை அழுதால் உடனே நிறுத்துகிற ரைடு வேறு எது?

கேள்வி: வெளியூர்ப் பூங்கா ஒன்றில் முழு டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள். போய்ப் பார்த்தால் பெரிய ரைடுகளில் பாதி 'பராமரிப்பு' என்று பூட்டியிருந்தது. கேட்டால் டிக்கெட்டில் 'பணம் திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். வள்ளியூரிலிருந்து அங்கே போய் எப்படி வழக்குப் போடுவது?
(வாசகர், வள்ளியூர்)

பதில்: அங்கே போக வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்குத் திருநெல்வேலி. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை.

அதற்கு முன் 1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், பல தகராறுகள் அங்கேயே பேசி முடிந்துவிடும். டிக்கெட், அன்றைக்குப் பூட்டியிருந்த ரைடுகளின் படம், டிக்கெட் வாங்கும்போது அவர்கள் இணையதளத்தில் அந்த ரைடுகளைக் காட்டியிருந்த பக்கம், இவை மூன்றும் வேண்டும். பூட்டியிருப்பதை டிக்கெட் கொடுக்குமுன் சொன்னார்களா என்பதில்தான் வழக்கு நிற்கும். கவுண்டருக்குப் பக்கத்தில் போர்டு வைத்திருந்தார்கள், நீங்கள் கவனிக்கவில்லை என்றால் கை தாழ்ந்துவிடும். மின்னல், பலத்த காற்று என்று நிறுத்தியதற்கும் பணம் கேட்டுப் பெறுவது கடினம்.

கேள்வி: தண்ணீர் ரைடுக்குப் பருத்தி உடை கூடாதாமே, உள்ளேயே வாங்கச் சொல்கிறார்கள். இது வியாபாரத் தந்திரமா?
(வாசகி, திருநெல்வேலி டவுன்)

பதில்: விதி நியாயமானது, விலைதான் தந்திரம். பருத்தி நனைந்தால் கனக்கும், சறுக்கில் ஒட்டிப் பிடிக்கும், நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். நைலான் அல்லது பாலியெஸ்டர் அரைக்கால் சட்டையும் டி-ஷர்ட்டும் வண்ணாரப்பேட்டைக் கடைகளிலேயே எடுத்துக்கொண்டு போங்கள். ஜிப், உலோகப் பட்டன் இல்லாததாகப் பாருங்கள், சறுக்கைக் கீறும் என்று அதையும் வாசலில் தடுப்பார்கள்.