ஹாலிவுட் நடிகர் ஹாரி டீன் ஸ்டான்டன் காலமெல்லாம் சின்ன வேடங்களிலேயே நடித்தது தோல்விதானே?

கேட்டவர் பதவி உயர்வு தள்ளிப்போன கடுப்பில் இருக்கிறார் போல. தவறென்றால் மன்னிக்கவும். ஆனால் 'தோல்வி' என்று பார்த்த பிறகு சும்மா போக முடியவில்லை.

தொண்ணூறுகளில் வீடியோ கடை வைத்திருந்தேன். வருகிறவர்கள் "ஹீரோ யாரு?" என்றுதான் கேட்பார்கள். எனக்கோ அட்டையில் இல்லாத முகங்கள்மேல்தான் கண். 'ஏலியன்' (1979) படத்தில் தொப்பி போட்ட ஒருவர் எதற்கெடுத்தாலும் "ரைட்" என்பார். பூனையைத் தேடிப் போகிற இடத்தில், மேலிருந்து சொட்டும் தண்ணீருக்கு நிதானமாக முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரத்தில் ஆள் காலி. அவர்தான் ஸ்டான்டன்.

ஒருவர் 'பாரிஸ், டெக்சாஸ்' (1984) கேசட்டை எடுத்துப் போனார். டெக்சாஸ் என்றால் குதிரை, துப்பாக்கி இருக்கும் என்ற நம்பிக்கை. மறுநாள் கடை திறக்கும் முன்பே வந்து நிற்கிறார். "அண்ணே, மியூசிக் வருது, அந்தாளு பேசுறது மட்டும் வரல. காசைக் குடுங்க." பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்து டெக்கின் ஹெட்டைத் துடைத்தேன். போட்டுப் பார்த்தால் மற்றவர்கள் பேசுவது கணீரென்று கேட்கிறது. அந்த ஆள்தான் பேசவில்லை! இருபது நிமிடத்துக்கு மேல் வாயே திறப்பதில்லை. அட, நம்ம "ரைட்" ஆள்! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மனைவியிடம், தன் கதையை வேறு யாருடைய கதையோ போல போனில் சொல்வார். அந்த நேரம் பார்த்து வந்த வாடிக்கையாளரை அப்புறம் வரச் சொன்னேன். வியாபாரம் தெரியாதவன் என்பீர்கள். உண்மைதான், கடை எட்டு வருடம்தான் ஓடியது.

அந்தப் படம் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கப் பனையை வாங்கியபோது அவருக்கு வயது 57. அதற்குப் பிறகும் பெரும்பாலும் குணச்சித்திர வேடங்கள்தான். 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி'யில் (1999) கடைசியில் சில நிமிடம் மட்டும் வருவார். கூடப்பிறந்தவன் புல்வெட்டும் வண்டியிலேயே இத்தனை தூரம் வந்திருக்கிறான் என்று தெரிந்ததும் அந்த முகம் கலங்கும் பாருங்கள், அதற்கே காசு சரியாகப் போயிற்று.

ஸ்டான்டனோ எம். எம்மெட் வால்ஷோ துணை வேடத்தில் இருந்தால் எந்தப் படமும் முழுக்க மோசமாக இருக்காது என்று விமர்சகர் ரோஜர் எபர்ட் ஒரு விதியே வைத்திருந்தார். (ஒரு படத்தில் பொய்த்தது என்று அவரே ஒப்புக்கொண்டார், அதைக் கொண்டுவந்து இங்கே போடாதீர்கள்.) நானும் அதே கணக்கில்தான் கேசட் வாங்கினேன். இப்போது அடித்துவிடுகிறேன் என்று தோன்றினால் தோன்றட்டும், கடை நோட்டு என்னிடம் இல்லை.

2017 செப்டம்பரில், 91 வயதில் இறந்தார். கதாநாயகனாக நடித்த 'லக்கி' அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது. அதை நான் ஓடிடியில் பார்த்தேன். முடிந்ததும் பெயர்கள் ஓட வேண்டும் அல்லவா? திரை மூலைக்குச் சுருங்கி, வேறு ஏதோ படத்தின் டிரெய்லர் கத்த ஆரம்பித்துவிட்டது. ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் எல்லாப் பெயரும் போயே போச்சு. "அதையெல்லாம் யாரு மாமா படிக்கிறாங்க?" என்கிறார் மருமகன்.