குளிர் ஊரில் தயிர் உறையாததற்குக் கைராசியா காரணம்?

திருப்பூரிலிருந்து பெங்களூரு வந்த பிறகு தயிர் கெட்டியாக உறைவதில்லை, மாமியார் கைராசி இல்லை என்கிறார், கடையிலேயே வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கைராசி என்று பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். இல்லாவிட்டால் தயிருக்கெல்லாம் பதில் எழுதுகிற ஆள் இல்லை நான்.

நான் மதுரைக்காரி, வாக்கப்பட்டது குன்னூரில். மதுரையில் ராத்திரி பாலில் ஒரு சொட்டு மோர் விட்டுவிட்டுப் படுத்தால் போதும், விடிவதற்குள் புளித்தே போயிருக்கும். குன்னூரில் காலையில் திறந்தால் பால் பாலாகவே இருக்கும். மாமனாருக்கோ மோர் சாதம் இல்லாமல் சாப்பாடு முடியாது. திருநெல்வேலியில் இருந்த நாத்தனார், "அவளுக்குக் கைராசி இல்லம்மா" என்று போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பக்கத்து வீடுகள் வரைக்கும் அந்தப் பேச்சுப் போயிற்று.

அந்த மார்கழியில் அவரே வந்தார். "தள்ளு, நான் ஊத்துறேன்" என்று உறை ஊற்றி மூடி வைத்தார். காலையில் பார்த்தால் ஏடு கட்டிய பால். "இந்த ஊர்ப் பாலே சரியில்லை" என்றார். எனக்கு உறையாவிட்டால் கை, அவருக்கு உறையாவிட்டால் பால்!

உறை மோரில் இருக்கிற பாக்டீரியாவுக்கு 40 முதல் 45 டிகிரி சூடு வேண்டும், அவ்வளவுதான். குளிரில் அது சுருண்டு படுத்துக்கொள்ளும். பாலைப் பொங்கியதும் இறக்காமல், சிறு தீயில் இன்னும் சில நிமிடம் காய விடுங்கள். தயிர் கெட்டிப்படுவதற்குப் பாதிக் காரணம் அதுதான். பிறகு ஆற விடுங்கள். விரலை விட்டால் சுட வேண்டும், ஆனால் எடுக்கத் தோன்றக் கூடாது, அதுதான் பதம். லிட்டருக்கு இரண்டு ஸ்பூன் உறைத் தயிரை முன்பே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்துக் கரைத்து ஊற்றுங்கள். ஹாட்பாக்ஸில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, பாத்திரத்தை உள்ளே வைத்து மூடிவிடுங்கள். நடுவில் திறந்து ஆட்டிப் பார்க்காதீர்கள். நேரம் ஊரைப் பொறுத்தது, எனக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறைந்து உறைந்ததில்லை. கொழுப்பு 6 சதவீதம் உள்ள பாக்கெட் பால் என்றால் இன்னும் கெட்டியாக வரும்.

மிளகாய்க் காம்பு போட்டால் உறையுமே என்று யாராவது வருவீர்கள். உறையும், மறுக்கவில்லை. வீட்டில் உறை மோரே இல்லாத நாளுக்கு அது சரி, தினமும் எதற்கு? கடைத் தயிர் வாங்குகிறவர்களையும் நான் குறை சொல்லவில்லை, வேலைக்குப் போகிற வீட்டில் எல்லாம் நடக்குமா? ஆனால் 2022 ஜூலையிலிருந்து பாக்கெட் தயிருக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வேறு. சோற்றுக்கு ஊற்றுகிற தயிருக்கு வரி போடுகிறார்கள், கேட்பாரில்லை.

உறை மோர் என்றதும் இன்னொன்று. எங்கள் மாடி வீட்டில் வாரத்துக்கு ஒருமுறையாவது கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள், நானும் கொடுப்பேன். அதே வீட்டம்மா துணியைப் பிழியாமல் அப்படியே கொடியில் போட்டு, கீழே காய்ந்த என் வடகத்தை எல்லாம் நனைத்துவிட்டார். ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. மறுநாளே கிண்ணம் மட்டும் வந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மாமியாரிடம் சண்டை எல்லாம் வேண்டாம். டிசம்பரில் பெங்களூரு வரும்போது அவரையே ஒரு ராத்திரி உறை ஊற்றச் சொல்லுங்கள். ஹாட்பாக்ஸை மட்டும் கண்ணில் காட்டாதீர்கள்.