கிளிக் பண்ணினால் இலக்கம் முழுதும் தெரிவாக என்ன செய்யலாம்?

கேள்வி: சுன்னாகத்தில் மாமாவின் பலசரக்குக் கடைக்கு, பிரவுசரில் ஓடும் பில் பக்கம் ஒன்று எழுதியிருக்கிறேன். 'அளவு' பெட்டியில் முதலே 1 நிற்கும். கிளிக் பண்ணியதும் அது முழுதும் தெரிவாகட்டும் என்று ஃபோகஸ் நிகழ்வில் (பெட்டி தட்டச்சுக்குத் தயாராகும்போது) எல்லாவற்றையும் தெரிவாக்கும் செலக்ட் கட்டளையைக் கொடுத்தேன். சிலவேளை தெரிவாகிறது, சிலவேளை இல்லை. 5 கிலோ சீனி 15 கிலோவாகிறது. கிளிக் நிகழ்வுக்கு மாற்றினேன். இப்போது 125இல் நடுவிலுள்ள 2ஐ மட்டும் திருத்த முடியவில்லை என்று மாமா ஏசுகிறார்.

பதில்: மாமா ஏசுவது நியாயம். கிளிக்கில் செலக்ட் வைத்தால் ஒவ்வொரு கிளிக்கும் எல்லாவற்றையும் தெரிவாக்கும். கேர்சரை நடுவில் வைக்க வழியே இராது.

ஒரு தரம் மவுஸை அமத்துவது நமக்கு ஒரு செயல், பிரவுசருக்கு நான்கு. மவுஸ்டவுன் (பட்டனை அமத்துவது), ஃபோகஸ், மவுஸ்அப் (பட்டனை விடுவது), கடைசியில்தான் கிளிக். ஃபோகஸ் வந்த பிறகும், அமத்திய இடத்தில் கேர்சரை வைக்கிற வேலை பிரவுசருக்கு மிச்சம் இருக்கலாம். நீங்கள் தெரிவாக்கியதை அது அழித்துவிடும். பிரவுசருக்குப் பிரவுசர் இது மாறுவதால்தான் 'சிலவேளை'. செட்டைம்அவுட் போட்டுத் தாமதிக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை, வேகம் குறைந்த கணினியில் பெட்டி மினுக்கும்.

மவுஸ்டவுனிலேயே பிடியுங்கள். இடது பட்டனா, அந்தப் பெட்டியில் ஏற்கெனவே ஃபோகஸ் இல்லையா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால், பிரவுசர் வழக்கமாகச் செய்வதைத் தடுக்கும் பிரிவென்ட்டிஃபோல்ட் கொடுத்து, நீங்களே ஃபோகஸும் செலக்ட்டும் கொடுங்கள். ஃபோகஸ் ஏற்கெனவே இருந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். முதல் கிளிக்கில் எல்லாம் தெரிவாகும், அடுத்த கிளிக்கில் கேர்சர் மாமா காட்டிய இடத்தில் நிற்கும். முதல் அமத்தலிலேயே இழுத்துத் தெரிவாக்க முடியாது. அளவுப் பெட்டிக்கு அது பெரிய குறையல்ல. பெயர், முகவரிப் பெட்டிகளுக்கு மட்டும் இதைப் போடாதீர்கள்.

டாப் விசையால் வருபவருக்கு எதுவும் எழுதத் தேவையில்லை. கணினிப் பிரவுசர்கள் தாமாகவே முழுதையும் தெரிவாக்கும்.

பில்லில் வரிகள் கூடிக்கொண்டே போகுமே, ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியே லிஸனர் (நிகழ்வைக் கவனித்து ஓடும் கோட்) வேண்டாம். மவுஸ்டவுன், பெட்டியிலிருந்து அதை உள்ளடக்கிய அட்டவணை வரை மேலே பரவும் நிகழ்வு. அட்டவணைக்கு ஒன்று போதும். ஃபோகஸ் அப்படிப் பரவாது, அதற்கு ஃபோகஸ்இன் வேண்டும்.

விலைப் பெட்டியை மாற்ற விடாமல் வைத்து, கிளிக்கில் பழைய விலையைக் காட்டும் எண்ணம் இருந்தால் ரீட்ஒன்லி (வாசிக்க மட்டும்) போடுங்கள். டிசேபிள் போட்டு முடக்கிய பெட்டியில் கிளிக் நிகழ்வு கிடைக்காது.